ஐசோட்ரெட்டினாயின்: பரு போய் இரண்டு வருடம், சொட்டு மருந்து இன்னும் பையில்

போன வாரம் என் தோழி போன் செய்தாள். "நீ பருவுக்கு ஒரு மாத்திரை போட்டியே, எனக்கும் அதையே எழுதிக் கொடுத்திருக்காங்க. போடலாமாடி?" என்றாள். 'தாராளமாகப் போடு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் இன்னொரு கையில் நான் பிடித்துக்கொண்டிருந்தது கண் சொட்டு மருந்து. அதைப் பார்த்ததும் வார்த்தை நின்றுவிட்டது. "விவரமா எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்ததும் நீண்டுகொண்டே போய்விட்டது.

மாத்திரை என்ன, எதற்கு என்பதெல்லாம் இதைத் தேடிப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஐசோட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த மருந்து. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்றது. மற்ற எதற்கும் அடங்காத கட்டிப் பருக்களுக்குக் கடைசியாகக் கொடுப்பது. எனக்கும் அப்படித்தான். ஒன்பது வருடப் பரு. தாடையிலும் கழுத்தோரத்திலும் உருண்டை உருண்டையாக வரும். பழுத்து உடைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பிவிடும். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு என்ற பூச்சு மருந்துகள் (தலையணை உறையெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்ததுதான் மிச்சம்), மூன்று மாதம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை என்று எல்லாம் பார்த்த பிறகுதான் இதற்கு வந்தேன். என் எடை 50 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் என்ற கணக்கில் மொத்தம் 6,000 மில்லிகிராம். முதல் மாதம் தினம் 20, அப்புறம் 40. ஐந்தரை மாதத்தில் முடியும் என்றார் தோல் டாக்டர். ஏழு மாதம் ஆனது. அது ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். மூன்றாவது வாரத்தில் பரு அதிகமானது. எதிர்பார்க்கச் சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. எட்டாவது வாரத்தில் ஒரு காலை முகம் கழுவும்போது தாடையில் விரல் ஓடியது. எங்கேயும் தட்டவில்லை, எங்கேயும் வலிக்கவில்லை. ஒன்பது வருடமாக இரண்டு விரல் நுனியால் பயந்து பயந்து கழுவிய முகத்தை அன்றைக்கு முழுக் கையால் தேய்த்துக் கழுவினேன். குழாயை மூடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிடத்தைக் கொடுத்த மருந்தை லேசாகப் பேச எனக்கு மனம் வராது. மத்தியானத்திற்குள் எண்ணெய் வழிகிற நெற்றி மாலை வரை காய்ந்தே இருந்தது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அந்த மாதிரிப் பரு ஒன்றுகூடத் திரும்பவில்லை. சிலருக்குத் திரும்ப வருவதுண்டு, இரண்டாம் முறை போட வேண்டி வருவதும் உண்டு. எனக்கு வரவில்லை.

உதடு வெடிப்பதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அது உண்மை. பத்தே நாளில் தொடங்கியது. வாய் ஓரம் கிழிந்து, கொட்டாவி விடக்கூடப் பயந்தேன். மூக்கில் இரண்டு முறை ரத்தம் வந்தது. வாசலின் தடவினேன், சமாளித்தேன், நிறுத்திய சில வாரங்களில் சரியாகிவிட்டது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லி வைத்துவிட்டு வருகிற தொல்லையைத் தாங்கிக்கொள்ளலாம்.

கண்ணைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

நான் அப்போது பல வருடமாக கான்டாக்ட் லென்ஸ் போட்டுவந்தவள். அதற்கும் பருதான் காரணம். மூக்கின் மேல் எண்ணெய் வழிந்து கண்ணாடி சறுக்கிக்கொண்டே வரும். கண்ணாடி அழுத்துகிற இடத்தில் பரு வந்தால் உயிர் போகும். அதனால் லென்ஸுக்கு மாறினேன். மாத்திரை தொடங்கி ஏழாவது வாரம், சாயங்காலமானால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்த ஆரம்பித்தது. லென்ஸ் பழசாகிவிட்டது என்று புதுசு மாற்றினேன். கழுவும் திரவத்தை மாற்றினேன். மூன்றாவது மாதம், காலையில் லென்ஸ் வைத்தால் பதினோரு மணிக்குக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஒருநாள் அது கண்ணோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. சொட்டு மருந்து விட்டு, இமையை மூடி, மேலாகத் தடவித் தடவிப் பத்து நிமிடம் கழித்துத்தான் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு நரம்பு.

அதைவிடக் குழப்பியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதுதான். காற்று பட்டால் போதும், கன்னம் வரை வழியும். வேலை இடத்தில் ஒரு கூட்டத்தின் நடுவில் பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து, "என்னம்மா ஆச்சு, ஏன் அழறே?" என்று காதோடு கேட்டார். இவ்வளவு தண்ணீர் வருகிற கண் வறண்ட கண் என்று நான் எப்படி நினைப்பேன்? சளி, தூசி, கணினித் திரை என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். மாத்திரை மேல் சந்தேகமே வரவில்லை.

அம்மா, "கண்ணுன்னா வைட்டமின் ஏ குறைச்சலா இருக்கும், ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கோ" என்றார். வாங்கி வைத்தும் விட்டேன். போடுவதற்கு முன்னால் எதற்கோ தோல் டாக்டர் கொடுத்த தாளைப் புரட்டினேன். அதில் தடித்த எழுத்தில் 'வைட்டமின் ஏ மாத்திரைகள் கூடாது' என்று இருந்தது. நான் தினமும் விழுங்குவதே அதன் குடும்பத்து மருந்து. மேலே இன்னும் சேர்த்தால் உடம்புக்கு அது விஷ அளவாகிவிடலாம். கண் கோளாறு என்றாலே வைட்டமின் ஏ என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாத்திரை போடும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான்காவது மாதம் முடிகிற சமயத்தில் கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தை அடித்து, "ஒருமுறை சிமிட்டுங்க. இப்ப சிமிட்டாம இருங்க" என்று சொல்லி வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவ்வளவுதான், கண்ணீர்ப் படலம் கிழிந்துவிட்டது. குறைந்தது 10 வினாடி தாங்க வேண்டுமாம். அப்புறம் கீழ் இமையை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். தெளிந்த எண்ணெய் மாதிரி வர வேண்டியது, பற்பசை மாதிரி கெட்டியாக ஓரிரு இடத்தில் மட்டும் எட்டிப் பார்த்தது. "பருவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வி வரவில்லை, முகம் அப்போதே தெளிந்துவிட்டது. இமையைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவர் விளக்கியது இன்னும் மனதில் இருக்கிறது. இமை ஓரத்தில், முடி முளைக்கிற இடத்துக்குப் பின்னால், மெய்போமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40, கீழே 20 முதல் 30. 1666-இல் இவற்றை விவரித்த ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர்தான் அது. ஒவ்வொரு சிமிட்டலிலும் இவை துளி எண்ணெயைக் கண்ணீரின் மேல் பூசுகின்றன. அந்த எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணீர் ஆவியாகிவிடும். கண் எரியும். எரிச்சல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி குபுகுபுவென்று தண்ணீரை அனுப்பும். மேலே எண்ணெய் இல்லாததால் அதுவும் நிற்காமல் வழிந்துவிடும். என் கன்னத்தில் வழிந்தது அதுதான். இந்தச் சுரப்பிகளும் முகத்தில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளும் ஒரே இனம். முகத்துச் சுரப்பியைச் சுருக்கித்தான் இந்த மருந்து பருவைப் போக்குகிறது. முகத்துக்கு மட்டும் போ, இமைக்குப் போகாதே என்று அதற்கு யாரும் சொல்ல முடியாது. தாடை வழவழப்பானதும் இமை வறண்டதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்று அன்றைக்குப் புரிந்தது.

மறுநாளே தோல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைத் தூக்கி, "ஓ, நீங்க லென்ஸ் போடறீங்களா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நான்கு மாதம். மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, கல்லீரல், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு என்று எல்லாம் பார்த்தீர்கள். கண்ணைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே?

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை அன்று வீட்டுக்கு வந்து தேடி எடுத்தேன். 'கண் வறட்சி, கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்குச் சிரமம் ஏற்படலாம்' என்று அதில் அச்சாகித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. லென்ஸ் போடுகிறேன் என்று நானாகவும் சொல்லவில்லை. அவர் கவனமாக இருந்த விஷயங்கள் எல்லாம் இதைவிடப் பெரியவை. இந்த மருந்து வயிற்றில் இருக்கிற குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கர்ப்பம் கூடவே கூடாது. ஒவ்வொரு மாதமும் பரிசோதனை செய்துவிட்டுத்தான் அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். டாக்ஸிசைக்ளினும் இதுவும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும் என்பதால் அதை முதலிலேயே நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் "மனசு எப்படி இருக்கு? தூக்கம் வருதா?" என்று நிதானமாகக் கேட்டார். சிலருக்கு மனச்சோர்வு வருவதாகச் சொல்கிறார்கள், அதை லேசாக விடக்கூடாது. இவ்வளவும் செய்த மனிதரை நான் குறை சொல்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன். ஏனென்றால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், ஏழாவது வாரத்திலேயே நான் லென்ஸைக் கழற்றியிருப்பேன்.

அளவை 20-க்குக் குறைத்தார். பாக்கி இருந்த 1,800 மில்லிகிராம் ஒன்றரை மாதத்தில் முடிய வேண்டியது, மூன்று மாதம் இழுத்தது. மருந்தைக் குறைத்த பிறகும் முகம் பின்வாங்கவில்லை, அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

கண்ணுக்கு நான் செய்தது: லென்ஸ் அடியோடு நிறுத்தம். பிரிசர்வேட்டிவ் (கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம்) சேர்க்காத சொட்டு மருந்து, அந்தந்த நேரத்துக்கு உடைத்து விடுகிற சின்னக் குப்பிகள், ஒரு நாளைக்கு ஆறு முறை. காலையிலும் இரவிலும் வெதுவெதுப்பான துணியை மூடிய கண் மேல் பத்து நிமிடம் வைத்து, அப்புறம் மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக மெல்ல நீவிவிடுவது. உள்ளே கெட்டிப்பட்ட எண்ணெய் சூட்டில் இளகி வருமாம். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் கண் திறக்கும்போது இமை ஒட்டிக்கொண்டு பிய்கிற வலி குறைந்தது. இதில் சோம்பேறித்தனம் காட்டினால் இரண்டே நாளில் கண் காட்டிக்கொடுத்துவிடும். திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். இப்போது வேண்டுமென்றே முழுதாக மூடித் திறக்கிறேன்.

நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கண் பழையபடி ஆகிவிடும் என்றார் கண் டாக்டர். எனக்கு முக்கால்வாசி ஆனது. தண்ணீர் வழிவது நின்றது. இரவில் எதிரே வருகிற வண்டி வெளிச்சம் நட்சத்திரம் மாதிரி சிதறுவதும் நின்றது. லென்ஸ் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஏசி அறையில் அதுவும் இல்லை. அதனால் கண்ணாடிக்குத் திரும்பிவிட்டேன். மூக்கில் எண்ணெய் இல்லாததால் அது இப்போது சறுக்குவதில்லை. அழுத்துகிற இடத்தில் பரு வருவதும் இல்லை.

இத்தனை நல்லது சொன்ன பிறகு, இன்னொரு தடவை போடுவேனா என்று கேட்டால், மாட்டேன். இன்று காலை எழுந்ததிலிருந்து கண் எரிகிறது, அதனால் இப்படிச் சொல்கிறேனோ என்னவோ. எட்டாவது வாரம் குழாயடியில் நின்ற அன்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். இன்றைக்கு இதுதான் என் பதில்.

தோழிக்குத் 'தாராளமாகப் போடு' என்றும் எழுதவில்லை, 'வேண்டாம்' என்றும் எழுதவில்லை. அவளும் லென்ஸ் போடுகிறவள், நாள் முழுக்கத் திரை முன்னால் உட்காருகிறவள். முதல் மாத்திரைக்கு முன்னால் கண் டாக்டரிடம் காட்டி அந்த வினாடிக் கணக்கை எழுதி வாங்கிக்கொள். லென்ஸ் போடுவதைத் தோல் டாக்டரிடம் நீயே வாயைத் திறந்து சொல். கண்ணாடி ஒன்று தயாராக வைத்துக்கொள். உறுத்தல் தொடங்கிய அன்றே போய் நில், என்னைப் போல நான்காவது மாதம் வரை காத்திருக்காதே. தாங்க முடியாத தலைவலியோடு பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓடு. இவ்வளவுதான் எழுதி அனுப்பினேன்.

வியாழக்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன், எனக்கும் ஆறு மாதப் பரிசோதனை பாக்கி இருக்கிறது.