78 அடி போதும்: கனோபல்ஸ் பூங்காவின் ஃபீனிக்ஸ் மரக் கோஸ்டர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எலிஸ்பர்க் அருகே மரங்கள் அடர்ந்த பகுதியில் அமைந்துள்ள கனோபல்ஸ் பூங்காவின் ஃபீனிக்ஸ், 78 அடி உயரமும் மணிக்குச் சுமார் 72 கிலோமீட்டர் வேகமும் கொண்ட மரக் கோஸ்டர், அதாவது மேடுபள்ளமான மரப்பாதையில் ரயில் விரைந்தோடும் கேளிக்கைச் சவாரி. இன்றைய அளவுகோல்களின்படி இந்த எண்களில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் கேளிக்கைப் பூங்காத் துறைக்கான அம்யூஸ்மென்ட் டுடே இதழ் வழங்கும் கோல்டன் டிக்கெட் விருதுகளில், 2018 ஆம் ஆண்டு மரக் கோஸ்டர்களுக்கான முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. இதைப் போல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்து நிற்கும் எல் டோரோ, வாயேஜ் என்ற மரக் கோஸ்டர்களும் அந்தப் பட்டியலில் இதற்குப் பின்னால்தான் நின்றன. சிறந்த மரக் கோஸ்டர் எது என்று ரசிகர்கள் ஓயாமல் வாதிடுவதற்கு இந்த முடிவும் ஒரு காரணம். அந்த முதலிடம் நியாயமானது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு மரக் கோஸ்டருக்கு எவ்வளவு வேகம் இருக்கிறது என்பதைக் காட்டிலும், இருக்கும் வேகத்தை அது எந்த மேட்டில், எந்தத் திருப்பத்தில் செலவிடுகிறது என்பதே அதன் தரத்தை முடிவு செய்கிறது. ஃபீனிக்ஸ் தன் வேகத்தில் ஒரு துளியைக்கூட வீணாக்குவதில்லை.

இது முதலில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், பிளேலேண்ட் பார்க்கில், ராக்கெட் என்ற பெயரில் 1940களின் பிற்பகுதியில் எழுந்தது. வடிவமைத்தவர் பிலடெல்பியா டொபாகன் என்ற கோஸ்டர் தயாரிப்பு நிறுவனத்தின் ஹெர்பர்ட் ஷ்மெக். அந்தப் பூங்கா 1980 இல் மூடப்பட்ட பிறகு கேட்பாரற்று நின்ற கோஸ்டரைக் கனோபல்ஸ் வாங்கியது. சார்லஸ் டின் என்பவரின் வழிகாட்டுதலில் அது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, துண்டுகள் அடையாளமிடப்பட்டு, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுவரப்பட்டு, 1985 இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. முழு அளவிலான ஒரு மரக் கோஸ்டரை இவ்வளவு தொலைவு இடம் மாற்றி உயிர்ப்பிக்க முடியும் என்று காட்டிய அந்த முயற்சிக்கு, பழைய கோஸ்டர்கள்மீது அன்பு கொண்ட எவரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நிலையத்தை விட்டு நகரும் ரயில் நேராக ஒரு நீண்ட, இருண்ட சுரங்கத்துக்குள் நுழைகிறது. ரயிலை முதல் உச்சிக்கு இழுத்துச் செல்லும் ஏற்றச் சங்கிலியைச் சென்றடையும் வரை கண்ணுக்கு எதுவும் புலப்படாது. சக்கரங்களின் சத்தம் மட்டுமே கேட்கும். பல கோஸ்டர்களில் வெறும் இடைவெளியாகக் கழியும் இந்த நேரத்தை ஃபீனிக்ஸ் எதிர்பார்ப்பாக மாற்றிவிடுகிறது. ஏற்றம் முடிந்து முதல் இறக்கத்தில் விழுந்ததும் பாதை பூங்காவின் நீளவாக்கில் போய்த் திரும்புகிறது, பிறகு மீண்டும் ஒருமுறை போய்த் திரும்புகிறது. இடையில் ஓர் ஏற்றத்தை இரண்டாக உடைத்து அமைத்த இரட்டை மேடும், ஓர் இறக்கத்தை இரண்டாக உடைத்த இரட்டைச் சரிவும் வருகின்றன. இறுதியில், தரைக்கு அருகில், சிறு மேடுகள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையில்தான் ஃபீனிக்ஸின் மேன்மை முழுமையாக வெளிப்படுகிறது.

ரசிகர்கள் ஏர்டைம் என்று சொல்வது, மேட்டின் உச்சியில் பாதை கீழ்நோக்கி வளையும்போது உடல் தன் பழைய திசையிலேயே மேலெழ முயல்வதால் இருக்கையை விட்டு உயரும் அந்தக் கணத்தை. மேடு அகலமாகவும் வளைவு மென்மையாகவும் இருந்தால் உடல் மிதக்கும். மேடு குறுகியதாக இருந்து ரயில் அதை வேகத்தோடு கடந்தால் உடல் தூக்கி எறியப்படும். பெரிய கோஸ்டர்களில் தொடக்கத்து உயரம்தான் பெரும்பாலும் எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. கடைசி மேடுகளுக்கு வரும்போது வேகமோ வடிவமைப்பாளரின் கற்பனையோ தீர்ந்துபோயிருக்கும். ஃபீனிக்ஸில் இது தலைகீழாக நடக்கிறது. உயரம் குறைந்துகொண்டே வந்தாலும் மேடுகளின் அளவும் அதற்கேற்பக் குறைவதால், ஒவ்வொரு தூக்கலும் முந்தையதைவிட வலுவாக உணரப்படுகிறது.

இதில், பயணி விழாமல் காக்க மடிக்கு மேலே வரும் தடுப்புக் கம்பிக்கும் பெரிய பங்குண்டு. அருகருகே அமரும் இருவருக்கும் பொதுவான ஒரே கம்பி, ஒரே நிலையில் பூட்டிக்கொள்கிறது, தொடைமீது அழுந்துவதில்லை, இடுப்பு வாரும் கிடையாது. உடலுக்கும் கம்பிக்கும் நடுவே இடம் இருப்பதால்தான் ஏர்டைம் வெறும் வயிற்று உணர்வாக முடியாமல், உண்மையாகவே இருக்கையிலிருந்து எழுவதாக அமைகிறது. இதே பாதையில் தொடையை இறுக்கிப் பிடிக்கும் புதிய வகைக் கம்பிகளைப் பொருத்தினால், எண்கள் அனைத்தும் அப்படியே இருக்க, கோஸ்டர் வேறொன்றாகிவிடும். ரயிலைப் பற்றிப் பேசாமல் பாதையை மட்டும் வைத்து மரக் கோஸ்டரை மதிப்பிடும் வாதங்களை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

மரக் கோஸ்டர் என்றால் உலுக்க வேண்டுமா, வழுக்கிச் செல்ல வேண்டுமா என்பது அடுத்த பெரிய சர்ச்சை. மரப்பலகைகளை அடுக்கடுக்காகச் சேர்த்து அதன்மேல் எஃகுப் பட்டை பதித்த பாதை, சுமை ஏறும்போது சற்று வளைந்து கொடுக்கிறது. தாங்கும் சட்டகமும் அசைந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. இந்த அசைவு ஓர் உயிரோட்டம். அதை நான் விரும்புகிறேன். ஆனால் முதுகெலும்பை இடிக்கும் குலுக்கல் வேறு. அது தேய்ந்த பாதையின் அறிகுறி, பராமரிப்புக்கு யாரோ செலவிடத் தயங்கியதன் விளைவு. அதை மரத்தின் இயல்பு என்று புகழ்பவர்கள் மரத்துக்கு அநீதி செய்கிறார்கள். ஃபீனிக்ஸ் அசைகிறது, முனகுகிறது, ஆனால் இடிப்பதில்லை. இத்தனை பழைய வடிவமைப்பு இப்படி ஓடுவதற்குப் பின்னால் பாதையைச் சோதித்துப் பலகைகளை மாற்றிக்கொண்டே இருக்கும் தச்சர்களின் உழைப்பு இருக்கிறது.

எதிர்த் தரப்பின் வலுவான சாட்சி, நியூ ஜெர்சியில் 2006 இல் திறக்கப்பட்ட எல் டோரோ. இன்டமின் நிறுவனம் ஆலையில் துல்லியமாக வெட்டிக் கொண்டுவந்து பொருத்திய மரப்பாதை அது. 76 பாகைச் சரிவில் விழுந்து, எஃகுக் கோஸ்டருக்கு நிகரான வழுவழுப்போடு பாய்கிறது. அதன் ஏர்டைம் வன்மையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது மரக் கோஸ்டரே அல்ல என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. இருந்தும், கண்ணை மூடிக்கொண்டால் அடியில் இருப்பது மரம் என்று தெரியாத அளவுக்கு அது செம்மையாக இருப்பது எனக்கு ஒரு குறையே.

அதே ஆண்டில் இந்தியானாவின் ஹாலிடே வேர்ல்டில் திறந்த வாயேஜ் வேறு வகை. 6,442 அடி நீளம், 90 பாகை சாய்ந்த திருப்பங்கள், நிலத்தடிச் சுரங்கங்கள் என்று ஓயாமல் தாக்கிக்கொண்டே போகிறது. சட்டகம் எஃகு, பாதை மரம். பாதையை வைத்தே வகைப்படுத்துவது வழக்கம் என்பதால் அது மரக் கோஸ்டர்தான். அதன் பேராசையை மதிக்கிறேன், ஆனால் அதில் பயணம் செய்பவருக்கு மூச்சு விட நேரமில்லை. ஓஹையோவில் 1979 முதல் ஓடும் பீஸ்ட், உலகின் மிக நீளமான மரக் கோஸ்டர், இதற்கு நேர்மாறு: காட்டுக்குள் நெடுந்தூரம் ஓடி, சுழல் வளைவு ஒன்றில் முடியும் அந்தப் பயணத்தில் சூழல் உண்டு, ஏர்டைம் மிகக் குறைவு. இரவில் அது மறக்க முடியாதது. பகலில் அதன் நேர்கோட்டுப் பகுதிகள் நீண்டுவிட்டனவாகத் தோன்றுகின்றன.

உயரத்தின் அச்சத்தைத் தேடி வருபவர்களுக்கு ஃபீனிக்ஸ் ஏமாற்றம் தரக்கூடும். பக்கவாட்டில் உடலை அறையும் திருப்பங்களை விரும்புபவர்களுக்கும் இங்கே கிடைப்பது கொஞ்சம்தான். மற்ற அனைவருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கலாம் என்பதால், இதற்காக மட்டுமே வருபவரும் வீண் செலவின்றித் திரும்பலாம். ஒரு பெட்டிக்கு மூன்று வரிசைகள் உண்டு. சக்கரங்களுக்கு நேர் மேலே அமையாத நடு வரிசை மென்மையானது. முதல் சவாரிக்கு அதுவே ஏற்றது. பழகியவர்கள் கடைசிப் பெட்டிக்குச் செல்லலாம்: முன்பகுதி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகே பின்பகுதி உச்சியை அடைவதால், அங்கே அமர்ந்திருப்பவரை ரயில் சரிவுக்குள் இழுத்தே கொண்டு போகும். பகல் முழுதும் ஓடிச் சக்கரங்களின் தாங்கிகள் சூடேறிய பின், மாலை இருண்டதும் ஏறுங்கள். ஃபீனிக்ஸ் அப்போதுதான் மிக வேகமாக ஓடுகிறது.