பிரீமியர் லீக்கா, சாம்பியன்ஸ் லீக்கா?

இது 2025 ஆகஸ்டில், புதுப் பருவம் தொடங்கும்போது எழுதியது. பிரீமியர் லீக் இங்கிலாந்துக் கழகங்களின் உதைபந்துத் தொடர்; சாம்பியன்ஸ் லீக் ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் மோதுவது. கிளிநொச்சியில் என்னோடு உதைபந்து விளையாடும் தம்பிமாருக்கு ஒரே குழப்பம்: டேட்டா ஒன்றுக்குத்தான் காணும், எதைப் பார்ப்பது?

நேரம்
பிரீமியர் லீக்: சனிக்கிழமை பல ஆட்டங்கள் எங்களுக்கு இரவு 7.30க்கு. ஒக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரம் மாறினால் 8.30.
சாம்பியன்ஸ் லீக்: பெரும்பாலும் நள்ளிரவு 12.30, கடிகாரம் மாறிய பிறகு 1.30. அதுவும் வேலைநாளில்.

கதை
பிரீமியர் லீக்: இதில்தான் என் மனம் நிற்கிறது. கடந்த பருவத்தில் (2024-25) லிவர்பூல் சாம்பியன், ஜெர்மன் வீரர் விர்ட்ஸையும் வாங்கிவிட்டது. ஆர்சனல் தொடர்ந்து மூன்று முறை இரண்டாமிடம். கடைசியாக இந்த லீக்கை வென்றது 2004இல். இப்போது கோலடிக்கும் வீரர் கியோக்கரெஸ் வந்திருக்கிறார். அடியிலும் பதற்றம்தான். கடந்த இரண்டு பருவங்களிலும் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறி வந்த மூன்று அணிகளும் அப்படியே கீழே போயின. இம்முறை லீட்ஸ், பேர்ன்லி, சண்டர்லாந்து. ஒன்றாவது தப்பவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.
சாம்பியன்ஸ் லீக்: கடந்த இறுதியாட்டத்தில் இத்தாலியின் இன்டரை 5-0 என்று வென்ற பாரிஸ் கழகம் பிஎஸ்ஜி கிண்ணத்தைத் தக்கவைக்குமா? 1992க்குப் பிறகு அதைச் செய்தது ரியல் மட்ரிட் மட்டும்தான்.

டேட்டா
பிரீமியர் லீக்: ஓர் அணிக்கு 38 ஆட்டம்.
சாம்பியன்ஸ் லீக்: முதற்கட்டத்தில் எட்டே எட்டு.

விடிய மைதானத்துக்கோ பள்ளிக்கோ போகிறவருக்குப் பிரீமியர் லீக்தான் சரி. காலபோக நெல்வயலில் காட்டுப்பன்றி வராமல் காவலிருந்து, கொட்டிலில் டோர்ச்சோடு விழித்திருக்கும் அண்ணைமாருக்குச் சாம்பியன்ஸ் லீக். சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கோ, வேலிப்பக்கம் கேட்கவேண்டும்.