செராமா, ஜப்பான், கொச்சின்: தாமான் வீட்டில் மூன்றையும் வளர்த்துப் பார்த்ததில்

கண்காட்சிக்குக் குட்டைக் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த இனம் அழகு என்றுதான். எல்லாமே அழகுதான். பொரிக்கிற குஞ்சில் எத்தனை கண்காட்சி மேசை ஏறும், ஏறாததை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். மலேசியாவின் கெடாவில், ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்களுடையது வரிசை வீடு. பின்கட்டு இடத்தில் நாலைந்து கூண்டுக்கு மேல் தாங்காது. அங்கேதான் ஜப்பான் பேண்டம் (பேண்டம் என்றால் குட்டைக் கோழி), கொச்சின் பேண்டம், செராமா மூன்றையும் வெவ்வேறு காலத்தில் வளர்த்தேன். இப்போது மிச்சம் இருப்பது செராமாவும், அதற்கு அடைகாக்க ஒரு கொச்சின் பெட்டையும்.

ஜப்பான் பேண்டத்துக்கு அழகே அந்தக் குட்டைக் கால்தான், வில்லங்கமும் அதில்தான். குட்டைக் கால் மரபணு ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் கால் குட்டையாகும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்காலோடு குட்டைக்காலைச் சேர்த்தால் கருக்கூடிய முட்டையில் கால்வாசி இப்படிப் போகும், பாதி குட்டைக்கால், மிச்சம் நெட்டைக்கால். நெட்டைக்கால் பெட்டைக்குக் குட்டைக்கால் சேவலை விட்டால் இந்தச் சாவு இருக்காது, ஆனால் பாதிக் குஞ்சு நெட்டையாக வரும். எப்படிச் சேர்த்தாலும் முட்டையில் பாதிதான் கண்காட்சிக் கால். அதற்கு மேல் வால், இறக்கை, நிறம் என்று கழித்துக்கொண்டே போனால் கையில் என்ன நிற்கும்? தோட்டம் துரவு உள்ளவர்களுக்கு இது சரி. எனக்குக் கட்டவில்லை.

கொச்சின் சாது. பிள்ளைகள் தூக்கினாலும் பேசாமல் இருக்கும். ஆனால் கால் விரல் வரை இறகு. நம் ஊர் மழைக்குத் தரை ஒரு நாள் ஈரமாக இருந்தால் போதும், அந்த இறகில் சேறும் எச்சமும் அப்பிக் காய்ந்து ஒடிந்துவிடும். பின்பக்கம் இறகு அடர்த்தி என்பதால் முட்டையில் கரு சரியாகக் கூடுவதில்லை, கத்தரித்துவிட வேண்டியிருக்கும். கத்தரித்த கோழியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியாது. ஆக, முட்டைக்கு ஒரு ஜோடி, மேசைக்கு ஒரு ஜோடி என்று இரட்டைச் செலவு. நிறத்திலும் ஒரு கணக்கு உண்டு. நீலத்தோடு நீலம் சேர்த்தால் பாதிதான் நீலம், மிச்சம் கறுப்பும் சிதறல் வெள்ளையும் (வெள்ளையில் நீலத் திட்டு சிதறியது). எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டும் என்றால் கறுப்பையும் சிதறல் வெள்ளையையும் சேர்க்க வேண்டும்.

செராமா நம் கிளந்தான் மண்ணில் உருவான இனம். வீ இயான் ஈன் என்பவர் சிறு கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து உருவாக்கியது. முதல் போட்டி 1990இல் பெர்லிஸில் நடந்தது. இங்கே நடுவர்கள் நிறத்துக்குப் பெரிதாக மதிப்பெண் போடுவதில்லை என்பதுதான் சின்ன வீட்டுக்காரனுக்குப் பெரிய லாபம். நிறத்துக்காக ஒரு குஞ்சையும் கழிக்க வேண்டாம். உருவமும் தைரியமும் இருந்தால் போதும். நல்ல சேவலை மேசையில் விட்டால் உடம்பை ஒரு முறை உதறும், நெஞ்சை நிமிர்த்தும், தலை பின்னால் சாய்ந்து வாலைத் தொடப்போகும், இறக்கை இரண்டும் செங்குத்தாகத் தரையை நோக்கி இறங்கும். அப்படியே நாலு எட்டு வைக்கும். அதன் கூடப் பிறந்ததே பக்கத்தில் கம்பத்து (கிராமத்து) நாட்டுக்கோழி கணக்காக நின்றுகொண்டிருக்கும். உருவம் இருந்தும் பயந்து பதுங்கினால் அங்கே வேலைக்கு ஆகாது. அதனால் இரண்டு மாதக் குஞ்சிலிருந்தே தினமும் கொஞ்ச நேரம் மேசையில் விட்டுப் பழக்குவேன். வீட்டில் டிவி ஓடும் இடமாகப் பார்த்து வைப்பது நல்லது, சத்தம் பழகும்.

குறை இல்லாமல் இல்லை. செராமா அச்சு மாறாமல் பிறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே அடையில் 300 கிராம் சேவலும் வரும், 600 கிராம் தடியனும் வருவான். வழவழப்பான இறகுள்ள ஜோடிக்குப் பட்டு இறகுக் குஞ்சு பிறந்தால் திகைக்க வேண்டாம், இரண்டிலும் அந்த மரபணு மறைந்திருந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகச் சின்னதோடு ஆகச் சின்னதைச் சேர்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். முட்டை சிறுத்து, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே நின்றுவிடும். கொஞ்சம் பெரிய உடம்புப் பெட்டைக்குச் சின்னச் சேவலை விடுவதுதான் இங்கே பழைய ஆட்கள் செய்வது, எனக்கும் அதுதான் கைகொடுத்தது.

குஞ்சு பெரும்பாலும் 19 நாளிலேயே பொரித்துவிடும், மற்றக் கோழிக்குப் போல 21 என்று எண்ணிக்கொண்டு இன்குபேட்டரைத் திறந்து மூடாதீர்கள். முதல் வாரம் 35 டிகிரிச் சூடு, கடைத் தீவனத்தை இன்னும் பொடியாக அரைத்துப் போட வேண்டும், தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும். இல்லையென்றால் அரை அங்குலத் தண்ணீரிலேயே முங்கிப்போகும்.

சேவல் கூவும். சத்தம் மெல்லிசுதான், ஆனாலும் விடியற்காலை விடியற்காலைதான். ராத்திரி இருட்டான பெட்டியில் அடைத்து ஏழு மணிக்குத் திறக்கிறேன்.

வாங்கும்போது குஞ்சைப் பார்த்து விலை பேசாதீர்கள். தாயையும் தகப்பனையும் மேசையில் விடச் சொல்லுங்கள். முடிந்தால் அதே ஜோடியின் முந்தைய அடைக் குஞ்சுகள் வளர்ந்து எப்படி நிற்கின்றன என்றும் பாருங்கள். காட்ட மாட்டேன் என்கிறவரிடம் நான் வாங்குவதில்லை. உடம்பு பெருத்துப் போட்டிக்கு ஆகாத செராமாவைச் சும்மா வீட்டுக்கு வளர்க்க வாங்கிப்போக எங்கள் தாமானிலேயே ஆள் இருக்கிறார்கள். நெட்டைக்கால் ஜப்பானுக்கு அப்படி யாரும் வந்ததில்லை.