ரெக்கார்டரா, நோட்டுப் புத்தகமா?

பத்திரிகைக்குப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஆயா (பாட்டி) வீடு. அதே நகரின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த பழைய வீடு, பின்கட்டு மாமரம், 1960களில் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த நாள் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டிருந்தார். போனில் ரெக்கார்டிங்கைத் தட்டி மேசைமேல் வைத்தேன். பேச்சு நின்றது. புடவையைச் சரிசெய்துகொண்டு, மேடையில் பேசுவதுபோல் இங்கிலீஷில் ஆரம்பித்தார். மாமரம் திரும்பி வரவே இல்லை.

அதனால் கொஞ்ச காலம் நோட்டுப் புத்தகம் மட்டும் எடுத்துப் போனேன். அதில் லாபம் உண்டு. பேனா ஓடுவதைப் பார்த்து எதிரில் இருப்பவர் நிதானிப்பார். நாம் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பார், அந்த இடைவெளியில் இன்னொன்று ஞாபகம் வரும். சுவரில் மாட்டிய காவடிப் படமும் ரெக்கார்டரில் விழாது, நோட்டில்தான் விழும்.

ஆனால் வார்த்தை தப்பிவிடும். டர்பன் தமிழ்ப் பெரியவர்கள் பேசுவது இங்கிலீஷ்தான், நடுவில் ஒரு தமிழ்ச் சொல் வந்து விழும். கரும்புத் தோட்டத்துச் சர்தாரை (கூலிகளை மேய்க்கும் மேஸ்திரியை) பற்றி ஒரு தாத்தா சொன்ன வசவை அவசரத்தில் "திட்டினான்" என்று மட்டும் குறித்திருந்தேன். பத்திரிகை ஆசிரியர், தாத்தா சொன்ன அதே சொல்லைக் கேட்டார். என்னிடம் இல்லை. மேற்கோள் குறியை எடுக்க வேண்டியதாயிற்று. கையால் எழுதியதில் இரண்டு வரிக்கு மேல் மேற்கோள் போடக்கூடாது என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

ரெக்கார்டருக்கு விலை நேரம். ஒரு மணி நேரப் பேச்சை உட்கார்ந்து தட்டச்சு செய்ய எனக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. நமக்குக் காசு வார்த்தைக் கணக்கில்தான். தானாக எழுதித் தரும் செயலிகள் இந்தக் கலப்புப் பேச்சில் தடுமாறுகின்றன, தமிழ்ச் சொல் வரும் இடத்தில்தான் அதிகம் தப்பு விடுகின்றன. முக்கியமான பேச்சு வந்ததும் நோட்டின் ஓரத்தில் "14வது நிமிடம்" என்று எழுதிவைத்தால் பாதி வேலை குறையும்.

அரசு அதிகாரி, கவுன்சிலர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரெக்கார்டர்தான். தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரையாடலில் இருக்கும் ஒருவர் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். இருந்தும் சொல்லிவிட்டுப் பதிவு செய்வதுதான் மரியாதை.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை முதல் பேட்டிக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. யோசித்து ஒத்திகை பார்த்த பதிலாக வரும், நடுவில் "அப்புறம்?" என்று கேட்க வழியில்லை. விட்டுப்போன ஒரு விவரத்தைக் கேட்டுக்கொள்ள, சரி.

ஞாபகப் பிசகை இரண்டுமே திருத்தாது. எங்கள் பெரியவர் ட்ரூரோ கப்பலில் வந்தார் என்று பல வீடுகளில் சொல்வார்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்த அந்த முதல் கப்பலில் வந்தவர்கள் 342 பேர்தான். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அதனால் காலனி நம்பர் (வந்திறங்கிய ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த பதிவு எண்) எழுதிய பழைய தாள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பேன். அந்த நம்பர் கிடைத்தால் கப்பல் பட்டியலில் பெயர், ஊர், கப்பல் எல்லாம் பார்க்கலாம். நம்பரை நோட்டில் எழுதி, அவர்களிடமே காட்டிச் சரிபார்ப்பேன். காதால் கேட்ட எண்ணை நம்பி ஒருமுறை வேறொரு குடும்பத்தின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன்.

அந்த ஆயா வீட்டுக்கு மறுபடி போனபோது போனைப் பையை விட்டு எடுக்கவில்லை. டீ குடித்து, பேரப்பிள்ளைகள் கதை கேட்டு, அரை மணி நேரம் ஆனது. மாமரம் தானாகவே வந்தது. அவர் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டேன்: "ஆயா, இதை இன்னொரு தடவை சொல்றீங்களா? போன்ல பிடிச்சுக்கிறேன்." "சரி, பிடி" என்றார். இந்த முறை முழுக்கத் தமிழில் சொன்னார்.