ஆர்டிஐ ஆன்லைன் தளம்: நல்ல கருவி, ஆனால் தமிழில் கேட்க முடியவில்லை

தபாலில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டுப் பழகியவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் வாங்க வேண்டும், அப்புறம் 2025 வரை தனியாக இருந்த பதிவுத் தபால், ஒப்புகை அட்டை, அந்த அட்டை திரும்பி வருமா என்ற காத்திருப்பு. 2013-இல் வந்த மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் இத்தனையும் வீட்டிலிருந்தே முடிகிறது. துறையைத் தேர்ந்தெடுத்து, 3000 எழுத்துகளுக்குள் மனுவை எழுதி, 10 ரூபாய் கட்டினால் பதிவு எண் வந்துவிடும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றிதழை இணைத்தால் கட்டணமே இல்லை. பணம் போய் எண் வரவில்லை என்றால் பதறி மறுபடி கட்டிவிடாதீர்கள், 24 முதல் 48 வேலை மணி நேரம் பொறுக்கும்படி தளத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது தடயம். மனு எந்தத் தேதியில் எந்த அலுவலருக்குப் போனது என்று பதிவு எண்ணைப் போட்டாலே தெரிகிறது, "உங்கள் மனு எங்களுக்கு வரவே இல்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அதே எண்ணை வைத்து முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணமும் கிடையாது.

எங்கள் ஊர்ப் பக்கம் தேசிய நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மழைக்கும் படம் போடுவார்கள், எல்லோரும் கோபப்படுவார்கள், வெயில் வந்ததும் அது அப்படியே அடங்கிவிடும். பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், ஒப்பந்ததாரர் பெயர், தண்ணீர் இறைக்கப் போட்ட பில்கள் இவற்றைக் கேட்டு இந்தத் தளத்தில் மனு போட்டேன். சம்பந்தப்பட்ட அலுவலகம் 30 நாளும் வாயே திறக்கவில்லை. மேல்முறையீடு செய்த பிறகுதான் ஒப்பந்த நகல் வந்தது, மழைக்காலத்தில் அங்கே பம்பு தயாராக இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்தோம். அதுவரை குழுவில் படம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நேரில் வந்து உட்கார்ந்து, கேள்வி கேட்டு, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மழைக்குப் பம்பு வந்தது. ஃபோனில் எத்தனை மணி நேரம் இருக்கிறோம் என்பதால் யாரும் ஊர்க் காரியத்துக்கு வந்துவிடுவதில்லை, கையில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் கிடைத்தால் வருகிறார்கள். அந்தக் காகிதத்தை வாங்கித் தருவதுதான் இந்தத் தளத்தின் பெருமை என்று நான் நினைக்கிறேன்.

குறைக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(1) ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ மனு செய்யலாம் என்கிறது. அதாவது தமிழில் கேட்பது சலுகை இல்லை, உரிமை. ஆனால் நான் பயன்படுத்தியபோதெல்லாம் மனு எழுதும் பெட்டி ஆங்கில எழுத்து, எண், சில குறியீடுகள் தவிர எதையும் ஏற்கவில்லை. வழி ஒன்று உண்டு: பெட்டியில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, மனுவைத் தமிழில் எழுதி பிடிஎஃப் ஆக இணைக்க வேண்டும், 1 எம்பிக்குள், கோப்பின் பெயரில் இடைவெளி இல்லாமல். விவரம் தெரிந்தவருக்கு இது ரெண்டு நிமிட வேலை. நூறு நாள் வேலைக்குப் போகும் எங்கள் ஊர் அக்காவுக்கு? இந்தச் சட்டம் யார் கேட்டு வந்தது என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 90-களில் ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்களும் விவசாயிகளும் வருகைப் பதிவேட்டைக் காட்டு, பில்லைக் காட்டு என்று கேட்டார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமையை இணையத்தில் பயன்படுத்த ஆங்கிலமும் மின்னஞ்சலும் வேண்டும் என்றால், ஏற்கெனவே அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

புதிதாகப் போடுபவர்களுக்குச் சில விஷயங்கள். தாலுகா ஆபீஸ், பஞ்சாயத்து, மின்வாரியம், காவல் நிலையம் எல்லாம் மாநில அரசு, அவற்றுக்கான மனுவை இங்கே போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், 10 ரூபாயும் திரும்பாது. தமிழ்நாட்டுக்கென்று தனி ஆர்டிஐ தளம் இருக்கிறது. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் நகல் கேளுங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதுங்கள். மேல்முறையீட்டிலும் சரியான பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகலாம். இன்னொன்று, 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதை எளிதாக்கியிருக்கிறது. எனக்கு அது பெரிய கவலை. அதனால் ஆளைப் பற்றிக் கேட்பதைவிட வேலையையும் செலவையும் பற்றிக் கேளுங்கள்.

5-க்கு 3 தருகிறேன். குறைத்த இரண்டும் தமிழை ஏற்காத அந்தப் பெட்டிக்காக. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டுப் பெரியவர்களின் கேள்வியையும் தமிழில் கேட்டு எழுதி, இணைப்பாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.