85,000 ரூபாய் போய்விட்டது: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் நுவரெலியாவில் இருந்து திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. 85,000 ரூபாய் போனது ஒரு பக்கம், மலைப்பாதையில் மனைவி பிள்ளைகளோடு உயிரே போயிருக்கும்.

கார் அப்பாவுடையது. 1965 மொரிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் எஸ்யூ கம்பனியுடையது. கொஞ்ச நாளாக ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம், ஒழுங்காக நிற்கவில்லை. நுவரெலியாவில் சீதையம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி இருந்தது, போகமுன் சரிபார்த்து விடலாம் என்று பழைய கார்களுக்குப் பாட்ஸ் விற்று, தானே பூட்டியும் கொடுக்கும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

முதலாளி பொனட்டைத் திறக்கக்கூட இல்லை, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “உங்கட அப்பா இந்தக் காரில கோணேசர் கோயிலுக்குப் போறதைப் பார்த்து வளர்ந்தவன் நான்” என்றார். அப்பா போய் இரண்டு வருடம்தான் ஆகிறது, அந்த ஒரு சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன். பிளேன்டீ வந்தது. பிறகு எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு கார்பரேட்டரை எடுத்து வைத்து, “பழசோட மாரடிக்காதீங்க அண்ணன், இது இங்கிலாந்தில இருந்து வந்த புத்தம்புதுசு” என்றார். வெள்ளி மாதிரி மின்னியது. 85,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு பில் கேட்டேன், “நமக்குள்ள பில் என்னத்துக்கு” என்றார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். பழைய பெரிய காற்று வடிகட்டிப் பெட்டியையும் அதன் குழாயையும் கழற்றிவிட்டு, காற்று நன்றாக இழுக்கும் என்று ஒரு சின்னக் குரோம் வடிகட்டியைப் பூட்டினார்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள நிலாவெளிக்கு இரண்டு தரம் ஓடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கம்பளை தாண்டி மேலே ஏற ஏறத் தூறலும் மூடுபனியும், புசல்லாவைக்கு அப்பால் வண்டி மெல்ல மெல்ல இழுவை குறைந்து நின்றே போனது. பதினைந்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் எதுவுமே நடக்காதது போல ஓடுகிறது! இறம்பொடைக்குக் கிட்ட ஒரு வளைவில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தும் எஞ்சின் சத்தம் இறங்கவில்லை, சாவியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துத்தான் காரை நிறுத்தினேன். பொனட்டைத் திறந்தால் கார்பரேட்டரின் கழுத்தில் வெள்ளையாக உறைபனி, விரலால் தேய்த்தால் பிரிட்ஜுக்குள் கைவைத்தது போல இருந்தது.

நுவரெலியாவில் ஒரு வயதான மெக்கானிக் ஐயாதான் விளங்கப்படுத்தினார். பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது, கார்பரேட்டருக்குள் சூடு 20 பாகைக்கு மேலும் குறையலாம், ஈரக் காற்று என்றால் அந்த ஈரம் ஆக்சிலேட்டரை மிதிக்கத் திறக்கும் த்ரொட்டில் தட்டில் ஐஸாகப் பிடிக்கும். நின்றவுடன் எஞ்சின் சூட்டில் அது உருகிவிடும், தடயமே இருக்காது. அந்தப் பழைய பெட்டியின் குழாயைக் குளிருக்கு எக்சோஸ்ட் பக்கம் திருப்பி வைத்தால் சூடான காற்றுப் போகுமாம். அதைத்தான் கழற்றி எறிந்திருக்கிறார்கள். பிறகு அந்தத் தட்டைத் தாங்கும் த்ரொட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். தளதளவென்று ஆடியது, அவர் விரலில் கறுப்புப் பெற்றோல். “இது புதுசில்ல தம்பி, தேஞ்சதைப் பாலிஷ் போட்டிருக்கிறாங்க.” திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்கும் வேறு எதிலோ இருந்து வெட்டிப் போட்டது. பால்மா டின்னை வெட்டி ஒரு குழாய் செய்து, நல்ல ஸ்பிரிங் போட்டு அனுப்பினார். அவர் வாங்கியது 2,500 ரூபாய். மற்றவர் வாங்கியது 85,000!

அங்கிருந்தே முதலாளிக்கு போன் எடுத்தேன். “திருகோணமலை வெயிலில ஐஸா? யாருக்குச் சொல்றீங்க” என்று சிரித்தார். நான் நிற்பது நுவரெலியாவில் என்றேன். “60 வருசக் கார் அண்ணன், அப்படித்தான் இருக்கும்.” அப்புறம் போனை எடுக்கவே இல்லை. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், பார்த்துவிட்டு மௌனம். இன்று காலை நேரே போனேன், முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்கிறான் வேலைப் பெடியன், அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது. 85,000 ரூபாய்க்கு ஒரு துண்டுத்தாள்கூட என் கையில் இல்லை, எங்கே போய் முறையிட?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். “புதுசு” என்று தந்தால் பூட்டமுன் த்ரொட்டில் தண்டை ஆட்டிப் பாருங்கள், எஸ்யூ கார்பரேட்டருக்கு உள்ளே உள்ள பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’ என்று விழ வேண்டும். சூடான காற்றுக் குழாயை யார் சொன்னாலும் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள்.

அப்பாவின் பழைய கார்பரேட்டரையும் பெட்டியையுமாவது தரச் சொல்லி அந்தப் பெடியனிடம் கேட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சாம்.