சாலையோரத்தில் மாத நன்கொடை: சேவை எப்படி, சேர்த்தவரின் சம்பளம் யாருடையது?

சென்னையில் மெட்ரோ நிலையங்களின் வாசலிலும் பெரிய வணிக வளாகங்களின் நுழைவிடத்திலும் ஒரே நிற டி-சர்ட்டும் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக நின்று, "சார், ஒரே ஒரு நிமிஷம்" என்று நம்மை நிறுத்தும் இளைஞர்கள் உண்டியல் குலுக்குபவர்கள் அல்லர். அவர்கள் ரொக்கம் வாங்குவதில்லை. மாதாமாதம் நம் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை தானாகவே தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்படியான ஏற்பாட்டில் நம்மைச் சேர்ப்பதே அவர்களுடைய வேலை. குழந்தைகளின் கல்விக்காக இயங்கும் ஒரு நிறுவனத்தின் இத்தகைய திட்டத்தில் நான் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சேவை என்ற அளவில் அது எப்படி இருந்தது என்பதையும், என்னைச் சேர்த்தவருக்கு என் நன்கொடையிலிருந்தே ஊதியம் போவது முறையா என்பதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன், ஏனெனில் இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துத்தான் முதலாவதற்கு மதிப்பெண் போட முடிகிறது. நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் குறையாகச் சொல்பவை பெரும்பாலும் இந்த முறை முழுவதற்கும் பொருந்தும்.

அணுகுமுறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. என்னிடம் பேசிய பெண் வழியை மறிக்கவில்லை, கண்ணீர்க் கதை சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறையிட்ட படங்கள் கொண்ட கோப்பைப் புரட்டி, எந்த மாவட்டங்களில் மாலை நேர வகுப்புகள் நடக்கின்றன, மாதம் 800 ரூபாய் எதற்கெல்லாம் பயன்படும் என்பதைத் தெளிவாக விளக்கினார். பேச்சின் நடுவில், "உங்களுக்குச் சம்பளம் உண்டாம்மா?" என்று கேட்டேன். "உண்டு சார். நாங்க ஏஜென்சி ஆளுங்க. மாசச் சம்பளம் இருக்கு, டார்கெட்டைத் தாண்டினா இன்சென்டிவ் தனி" என்று தயங்காமல் சொன்னார். இரண்டடி தள்ளி நின்றிருந்த அவருடைய டீம் லீடர் உடனே குறுக்கிட்டு, "அதெல்லாம் தனிக் கணக்கு சார், உங்க காசு அப்படியே குழந்தைங்களுக்குத்தான் போகுது" என்றார். அந்தப் பெண் சொன்னது உண்மை. டீம் லீடர் சொன்னது, நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பின்னர் படித்துப் பார்த்ததில், உண்மையாக இருக்க வழியே இல்லாத ஒன்று.

சேரும் நடைமுறை விரைவாக முடிந்தது. பெயர், பான் எண், வங்கிக் கணக்கு விவரம், டெபிட் கார்டு வழியாக ஒப்புதல், ஓடிபி என்று எல்லாம் டேப்லெட்டிலேயே நடந்தேறியது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நான் ஒப்புக்கொண்டது மாதம் 800 ரூபாய். ஆனால் வங்கியின் ஒப்புதல் திரையில் அதிகபட்சத் தொகை 5,000 ரூபாய் என்று இருந்தது. பிற்காலத்தில் நாமாக விரும்பித் தொகையை உயர்த்தினால் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்பதற்காக அப்படி வைக்கிறார்களாம். இது விதிக்கு உட்பட்டதுதான், 800க்குமேல் ஒரு ரூபாயும் இதுவரை பிடிக்கப்படவில்லை. ஆனாலும் கேட்டால்தான் சொல்கிறார்கள். அதேபோல, பிடித்தம் செய்யும் தேதியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால், நன்கொடை தவறியதற்காக வங்கி நம்மிடம் சில நூறு ரூபாய் அபராதம் வசூலிக்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. சம்பளம் மாதக் கடைசியில் வரும் கணக்கை இதற்குக் கொடுப்பவர்கள், பிடித்தத் தேதியை மாதத்தின் முதல் வாரத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சேர்ந்தபின் நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து, விருப்பத்துடன்தான் சேர்ந்தேனா, தொகை சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். ரசீதுகள் தவறாமல் மின்னஞ்சலில் வந்தன. நிதியாண்டு முடிந்து மே மாதத்துக்குள் வர வேண்டிய, வரிச்சலுகை கோரத் தேவையான 10பிஇ நன்கொடைச் சான்றிதழும் உரிய காலத்தில் வந்தது. வரிச்சலுகையைச் சொல்லித்தான் பலரைச் சேர்க்கிறார்கள் என்பதால் ஒன்று: நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே, புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். தொண்டுக்காக வீதியில் நிற்பவர் கூலி வாங்கக்கூடாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பிடியரிசி திரட்டியவர்கள் கூலி வாங்கவில்லை. பள்ளியில் காசநோய் ஒழிப்பு நிதிக்காக ஒட்டுவில்லை விற்ற பிள்ளைகளும் வாங்கவில்லை. 1949 முதல் டிசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படும் கொடிநாளுக்கு நிதி திரட்டுபவர்களுக்கும் கமிஷன் என்ற பேச்சே இல்லை. ஆனால் கொடிநாள் வசூலில் பெரும்பகுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் தொடங்கி அரசு அலுவலகங்களின் வழியாகவே நடக்கிறது. அந்த ஊழியர்களின் சம்பளத்தை அரசுக் கருவூலம் தருகிறது. செலவு இல்லாமல் போய்விடவில்லை; வேறொரு கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அப்படித் தாங்கிக்கொள்ள ஒரு கருவூலம் இல்லாத நிறுவனம், சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் நின்று, நூறு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பொறுத்துக்கொண்டு, ஓரிருவரைச் சேர்க்கும் ஒருவருக்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும். அதை இலவசமாகச் செய்யச் சொல்வது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தொண்டு செய்யலாம் என்று சொல்வதற்குச் சமம். அந்தச் சம்பளம் வேறெங்கிருந்தும் வர முடியாது, நன்கொடையிலிருந்துதான் வர வேண்டும். ஒரு தொழிலதிபர் நிர்வாகச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டாலும், அவர் தருவதும் நன்கொடைதான்.

ஆகவே சம்பளம் தருவதில் எனக்கு மறுப்பில்லை. 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்று இவர்களைப் பற்றிச் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வது எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது, ஏனெனில் இங்கே யாரும் எதையும் ஒளித்து நக்கவில்லை. வேலைக்குக் கூலி வாங்குகிறார்கள். என் மறுப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது: கூலியைக் கணக்கிடும் விதத்திலும், அதை என்னிடம் சொல்லாமல் விடுவதிலும்.

கணக்கிடும் விதத்தை முதலில் பார்ப்போம். இந்த மாதச் சந்தா முறை 1990களின் நடுவில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காகத் தெருவில் ஆள் சேர்த்ததிலிருந்து வளர்ந்து உலகெங்கும் பரவியது. இதில் தொண்டு நிறுவனம் ஆள் சேர்க்க அமர்த்தும் ஏஜென்சிக்கான கட்டணம் பெரும்பாலும் சேர்க்கப்படும் தலைக்கு இவ்வளவு என்று அமைகிறது, அதை நிறுவனம் முன்கூட்டியே செலுத்திவிடுகிறது. அதாவது என்னுடைய முதல் பல மாதத் தவணைகள், சில ஒப்பந்தங்களில் ஓராண்டுக்கும் மேற்பட்ட தவணைகள், என்னைச் சேர்த்த செலவை ஈடுகட்டுவதற்கே போகும். அதன்பின் நான் தரும் ஒவ்வொரு ரூபாயும் ஏறக்குறைய முழுமையாகப் பணிக்குப் போகும். கணக்காகப் பார்த்தால் இதில் தவறில்லை. ஐந்தாண்டு தொடரும் நன்கொடையாளர் ஒருவரால் அந்தச் செலவு பலமடங்காகத் திரும்பிவிடும். ஆனால் தெருவில் சேருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓராண்டுக்குள் விலகிவிடுகிறார்கள் என்பது பிரிட்டனில் இத்துறையினரே ஒப்புக்கொள்ளும் கணக்கு. மூன்றே மாதத்தில் நிறுத்திவிடுபவர், தான் ஒரு குழந்தையின் படிப்புக்கு உதவியதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் கொடுத்தது அவரைச் சேர்த்த செலவுக்கே போதியிருக்காது. நிலையான சம்பளம் வாங்கும் ஊழியர், தொடர மாட்டார் என்று தோன்றும் ஒருவரிடம், "யோசித்துவிட்டுப் பிறகு சேருங்கள்" என்று சொல்ல முடியும். தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வாங்குபவரால் அப்படிச் சொல்ல முடியாது; மாதக் கடைசியில் இரண்டு பேர் குறையும்போது கல்லூரி மாணவரையும் பணி ஓய்வு பெற்றவரையும் சேர்க்கவே கை நீளும். குற்றம் அந்தக் கையுடையது அன்று, அப்படி நீளும்படி ஒப்பந்தம் எழுதியவர்களுடையது.

சொல்லாமல் விடுவது அதைவிட எளிதாகத் தீர்க்கக்கூடிய குறை. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டப்படி, ஊதியத்துக்காக நிதி திரட்டுபவர் பணம் கேட்கும்போதே தமக்கு ஊதியம் தரப்படுவதையும் அது கணக்கிடப்படும் முறையையும் எதிரில் நிற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒரு நிதியாண்டில் நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைக்கு மட்டும் கடிவாளம் இறுக்கமாக உள்ளது: அதற்கான சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நன்கொடையிலிருந்து செய்யக்கூடிய நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. உள்நாட்டில், உங்களிடமும் என்னிடமும் வாங்கும் பணத்துக்கு அப்படியொரு வரம்பு இல்லை. வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்ற வருமான வரி நிபந்தனை உண்டு. ஆனால் ஆள் சேர்க்கும் செலவு எவ்வளவு வரை போகலாம் என்பதை அது சொல்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் டாலருக்குக் காட்டும் கண்டிப்பில் பாதியையாவது தி.நகரில் திரட்டும் ரூபாய்க்கும் காட்டலாம்.

என் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் வண்ண வட்டப்படம்: பெரும்பகுதி 'திட்டங்கள்', சிறு கீற்று 'நிர்வாகம்', இன்னொரு சிறு கீற்று 'நிதி திரட்டல்'. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கின் இணைப்புப் பட்டியல் வரை போனால்தான், திட்டச் செலவுக்குள்ளேயே 'பொதுமக்கள் விழிப்புணர்வும் ஆதரவாளர் தொடர்பும்' என்றொரு தலைப்பு கணிசமான தொகையுடன் இருப்பது தெரிகிறது. தெருவில் நின்று குழந்தைகள் கல்வி பற்றிப் பேசுவதும் விழிப்புணர்வுதான் என்பது அவர்கள் வாதமாக இருக்கலாம். விளக்கம் கேட்டு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. அந்தத் தலைப்பில் ஏஜென்சிக் கட்டணத்தின் ஒரு பகுதி அடக்கம் என்பதை ஒப்புக்கொண்டார்கள். எவ்வளவு பகுதி என்ற இரண்டாவது கேள்விக்கு, ஒப்பந்த விவரங்களை வெளியிட இயலாது என்று பதில் வந்தது. முதல் பதிலுக்காக அவர்களை மதிக்கிறேன். இரண்டாவதற்காக ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

நான் கேட்பது பெரிதன்று. டேப்லெட்டில் ஓடிபி கேட்கும் திரைக்கு முன்னால், "உங்களைச் சேர்ப்பவர் ஊதியம் பெறும் ஊழியர், உங்கள் முதல் இத்தனை மாத நன்கொடை, சேர்க்கும் செலவுக்குச் சமம்" என்று தமிழில் ஒரு வரி இருந்தால் போதும். அதைப் படித்துச் சிலர் விலகிப் போவார்கள். விலகிப் போகிறவர்களில் பலர் எப்படியும் மூன்றாம் மாதம் நிறுத்தப்போகிறவர்கள்தான். படித்தபின்னும் சேருபவர் நிலைத்து நிற்பார் என்றே நினைக்கிறேன். டீம் லீடர் "அப்படியே போகுது" என்று பொய் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இராது.

நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் என்னைச் சேர்த்த செலவு ஏற்கெனவே செலவாகிவிட்டது. இப்போதுதான் என் பணம் வகுப்பறைக்குப் போகத் தொடங்கியிருக்க வேண்டும். இந்த நேரத்தில் விலகுவதுதான் உள்ளதிலேயே வீணான முடிவு என்பதால் தொடர்கிறேன். இன்னும் சேராதவர்களுக்கு என் யோசனை வேறு: நிறுவனம் பிடித்திருந்தால் துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பார்த்துவிட்டு, அதன் இணையதளத்தில் நேரடியாகச் செலுத்துங்கள், ஏஜென்சிக் கட்டணம் மிச்சம். நின்று பேசிய அந்தப் பிள்ளைக்கு அன்றைய கணக்கில் ஒன்று குறையும் என்பது உறுத்தத்தான் செய்யும், அதற்கு என்னிடம் விடை இல்லை. தெருவிலேயே சேருவதாக இருந்தால், இரண்டாண்டாவது தொடர முடியும் என்ற தொகையை மட்டும் சொல்லுங்கள். 800ஐ ஆறு மாதம் கொடுப்பதைவிட 300ஐ மூன்றாண்டு கொடுப்பது மேல்.

மொத்தத்தில் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று. தொகையை உயர்த்தச் சொல்லி அவ்வப்போது வரும் அழைப்புகள் தொல்லை என்ற அளவுக்குப் போகவில்லை. ஒருமுறை வேண்டாம் என்றபின் சில மாதங்கள் விட்டுவிடுகிறார்கள். விலக நினைப்பவர்கள் தெருவில் பேசிய ஊழியரைத் தேட வேண்டியதில்லை. யூபிஐ ஆட்டோபே என்றால் அதே செயலியில் ரத்து செய்யலாம். வங்கிக் கணக்கு வழியாக ஒப்புதல் தந்திருந்தால் பெரும்பாலான வங்கிகளின் நெட் பேங்கிங்கில் அதற்கான பகுதி இருக்கிறது. நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிடித்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே செய்யாவிட்டால் இன்னொரு தவணை போய்விடக்கூடும்.